ஆண்டவர் பேசின குளியலறை

இல்ல தம்பி, அந்த மைக்கை முதல்ல பைக்குள்ள வைங்க. வெச்சுட்டு உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்க லெட்டர் வந்தப்பவே பதில் போட்டிருக்கணும், போடல, அது என் தப்பு. ஆனா முடியாதுன்னா முடியாதுதான்.

தொண்டையா? தொண்டைக்கு என்ன கேடு. எழுபத்தி ஒண்ணு ஆச்சு. பல்லு போச்சு, முட்டி போச்சு, இந்தக் குரல் மட்டும் போய்த் தொலைய மாட்டேங்குது. காலையில பால்காரன்கிட்ட அரை லிட்டர் போதும்னு சொன்னா எதிர்வீட்டு ஜன்னல் திறக்குது.

புரியுது, புரியுது. பழைய கேசட் எல்லாம் இரைச்சல் விழுந்துபோச்சு. போன்ல கேக்கற மாதிரி வேத புஸ்தகத்தைப் புதுசா பேசிப் பதியறீங்க. மத்த எல்லாத்துக்கும் ஆள் போட்டாச்சு, ஆண்டவர் பாகத்துக்கு மட்டும் ஜனங்க பழைய குரலேதான் வேணும்ங்கறாங்க. சந்தோஷம். நான் சந்தோஷப்பட்டேன்னு ஜனங்ககிட்ட சொல்லிடுங்க. சொல்லிட்டு வேற ஆளைப் பாருங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டரே பேசுதாமே, அதுகிட்ட குடுங்க. அதுக்கு வீடு கிடையாது, பொண்டாட்டி கிடையாது, அது பாட்டுக்கு நிம்மதியா ஆண்டவரா இருக்கும்.

நான் இந்த வேலைக்கு எப்படி வந்தேன்னு உங்க ஆபீஸ்ல யாராவது சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. நான் பஸ் நிலையத்துல அறிவிப்பு சொல்றவன். கூண்டு மாதிரி ஒரு ரூம், ஒரு மைக், ஒரு ஃபேன். ஃபேன் சுத்தினா மைக்ல கேக்கும்னு அதையும் நிறுத்தி வெச்சிருப்பாங்க. எட்டாவது மேடை வண்டி இன்னும் அஞ்சு நிமிஷத்துல புறப்படும்னு நான் சொன்னா, டிரைவர் வாய்கிட்ட கொண்டுபோன டீயை அப்படியே வெச்சுட்டு ஓடுவான். எனக்கு அங்க இடின்னு பேரு. இன்னிக்கு இடி டூட்டியான்னு கேட்டுட்டுதான் கண்டக்டருங்க லேட்டா வர்றதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. உங்க டைரக்டர், அவரும் போய்ச் சேந்துட்டார் பாவம், ஒரு மழை நாள்ல வண்டியைக் கோட்டை விட்டுட்டு மேடையில நின்னுருக்கார். என் குரலைக் கேட்டுட்டு நேரா வந்து கூண்டைத் தட்டினார். ஐயா உங்களுக்கு வேதம் தெரியுமான்னார். டைம் டேபிள் தெரியும்னேன்.

அப்படித்தான் ஆண்டவர் ஆனேன்.

ஸ்டூடியோன்னா பெரிசா ஏதோ நினைச்சுக்காதீங்க. ஒரு பழைய வீடு. ஹால் சுவரெல்லாம் மெத்தையை நிமித்தி வெச்சு, நடுவுல நாலு மைக். கதை சொல்றவர், ராஜாக்கள், தீர்க்கதரிசிங்க எல்லாரும் அங்கதான். ஆண்டவருக்கு மட்டும் எதிரொலி வேணும்னார் டைரக்டர். அந்தக் காலத்துல மிஷின்ல எதிரொலி போட்டா தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி வரும். மிஷின்காரர் வீடு பூரா கையைத் தட்டிக்கிட்டே சுத்தினார், கடைசியில பின்பக்கம் குளியலறைக்குள்ள போய் ஒரு தட்டு தட்டிட்டு, இதான்யா இடம்னார். நாலு பக்கமும் டைல்ஸ் பதிச்ச குளியலறை. மூணு வருஷம், தம்பி! இந்தப் பக்கம் வாளி, அந்தப் பக்கம் கக்கூஸ், நடுவுல நான். எரியற செடிக்குள்ளேருந்து பேசினதும் அங்கதான், மேகத்துக்குள்ளேருந்து பேசினதும் அங்கதான். குழாய் ஒரு சொட்டு சொட்டினா முழுசா திரும்ப எடுக்கணும். ஹால்ல யாருக்காவது அவசரம்னா ஆண்டவர் பேப்பரை மடிச்சுக்கிட்டு வெளிய வந்து நிப்பார். சிரிங்க, சிரிங்க. அப்ப நாங்களும் சிரிச்சோம்.

என் பாகம் வர்ற வரைக்கும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு வாளி மேல உக்காந்து மத்தவங்க பேசறதைக் கேட்டுட்டிருப்பேன். அதுல ஒண்ணு கவனிச்சேன். ஆண்டவர் நேர்ல வர்றது யாருக்குன்னு பாத்தீங்களா? சாப்பிட்டுட்டுக் காலாட்டிக்கிட்டு இருக்கறவனுக்கு வர்றதே இல்ல. அண்ணனை ஏமாத்திட்டு ஓடி வந்து கல்லைத் தலைக்கு வெச்சுப் படுத்திருக்கானே, அவனுக்கு வர்றார். ஆளைக் கொன்னுட்டு மாமனார் ஆட்டை மேய்ச்சுட்டு ஒளிஞ்சு கிடக்கறவனுக்கு வர்றார். பிள்ளை குட்டி, சொத்து எல்லாம் போய் உடம்பெல்லாம் புண்ணோட ஓட்டாஞ்சில்லை வெச்சு சொறிஞ்சுக்கிட்டு, ஏன் எனக்கு, ஏன் எனக்குன்னு கத்திக் கத்தி ஓஞ்சவன் ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவனுக்குப் புயல்ல வர்றார். வந்து பதில் சொல்றாரா? அதான் இல்ல. திருப்பிக் கேள்வி கேக்கறார். நான் பூமியை உண்டாக்கினப்ப நீ எங்கே இருந்தே, கடலுக்குக் கதவு போட்டது யாரு, காட்டு ஆடு குட்டி போடற நேரம் உனக்குத் தெரியுமா, அது தெரியுமா, இது தெரியுமா. பக்கம் பக்கமா கேள்வி. அது எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகம். ஒரே மூச்சுல எடுத்தேன். வீட்டுலயும் நான் அப்படித்தான், யாராவது ஒண்ணு கேட்டா நான் பத்து திருப்பிக் கேப்பேன்.

அப்புறம் அந்தப் பிள்ளையைப் பலி குடுக்கற கதை. நீங்க ஆபீஸ்காரர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உன் மகனைக் கூட்டிட்டுப் போய் எனக்குப் பலி குடுன்னு சொல்றது யாரு? ஆண்டவர். என் பாகம். நிறுத்துன்னு சொல்றது? தூதன்! தூதன் குரலுக்கு ஒரு டீச்சரம்மா. நான் குளியலறையில நின்னு குடுன்னு சொல்லிட்டேன். அங்க ஹால்ல அப்பன் விறகைக் கட்டறான், பையன் கூடவே நடந்து வர்றான், ஆட்டுக்குட்டி எங்கப்பான்னு கேக்கறான், அப்பன் கத்தியை ஓங்கறான். எனக்கு இங்க வாய் பதறுது, டேய் வேணாம்டான்னு சொல்ல. பேப்பர்ல எனக்கு வரி இல்ல. டீச்சரம்மா ஆற அமர ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு அப்புறம் சொல்றாங்க, கை வைக்காதேன்னு. டைரக்டர்கிட்ட கேட்டேன், ஏன் சார், அம்மாம்பெரிய ஆர்டரைத் தன் வாயால போட்டவர் அதைக் கேன்சல் பண்ண மட்டும் எதுக்கு ஆளை அனுப்பறார்னு. எழுதியிருக்கறதைப் படிங்க இடின்னார்.

அதுல உங்க ஆபீஸ் இன்னொரு வேலையும் பண்ணிச்சு. கேசட்டோட ஒரு பக்கம் அப்பன் கத்தியை ஓங்கினதோட முடிஞ்சுபோச்சு. திருப்பிப் போட்டாத்தான் தூதன் வருவான். என் வீட்டுக்காரி அடுப்படியில எந்த வேலையில இருந்தாலும் மாவுக் கையோட ஓடி வந்து திருப்பிப் போடுவா. அந்தப் பிள்ளை கத்திக்குக் கீழ கிடக்கு, எனக்கு இங்க என்ன வேலை வேண்டிக்கிடக்கும்பா.

ஆமா, அவ இல்ல இப்ப. போய்ட்டா.

பரவாயில்ல, நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்குத் தெரியாதில்ல.

பிள்ளைங்களா? ஒரே பொண்ணு. அதைத்தான் சொல்ல வந்தேன், எங்கயோ போய்ட்டேன். அந்த வேலைக்காரி கதை இருக்கில்ல. எசமானியம்மாவுக்குக் குழந்தை இல்லைன்னு அவளே இந்த வேலைக்காரியைப் புருஷனுக்குக் குடுக்கறா. இவளுக்கு வயித்துல தங்கினதும் அவளே பாடாப் படுத்தறா. இது வயித்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து காட்டுல ஒரு ஊத்துப் பக்கம் உக்காந்திருக்கு. அங்க வர்றார். வந்து கேக்கறார், எங்கேருந்து வர்றே, எங்கே போறேன்னு. அது தூதன் பாகம்னுதான் எழுதியிருக்கு. ஆனா டீச்சரம்மாவுக்கு அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல பரீட்சை. டைரக்டர் யோசிச்சுட்டு, அந்தப் பொண்ணு கடைசியில என்னைப் பாக்கற ஆண்டவரையே நான் பாத்தேன்னுதானே சொல்றா, அப்ப ஆண்டவரே பேசலாம், இடி நீங்க பேசுங்கன்னார்.

ஒன்பது தடவை எடுத்தோம். ரெண்டே கேள்வி. ஒன்பது தடவை! டைரக்டர் தலையில அடிச்சுக்கறார். போலீஸ்காரன் மாதிரி கேக்கறீங்க இடி, டிக்கெட் இல்லாதவனைப் பிடிச்ச மாதிரி கேக்கறீங்க, இது விசாரணை இல்ல, வழி தெரியாம நிக்கற குழந்தைகிட்ட கேக்கற மாதிரி கேளுங்கன்னார். எனக்கு அது வரல. மதியம் ரெண்டு மணி, சாப்பிடல, ஓஞ்சுபோய் கடைசியா ஒரு தடவை சும்மா சொன்னேன். அதான், அதான்னு குதிச்சார். அதைத்தான் வெச்சுக்கிட்டாங்க. அந்த இடத்தைக் கேட்டு ஜனங்க அழுதாங்கன்னு உங்க ஆபீஸ்லேருந்துகூட எழுதினாங்க. அது பசி தம்பி. அன்பு இல்ல.

அதுக்கு மறு வாரம் என் பொண்ணு வந்தா.

அவ அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே வீட்டை விட்டுப் போய்ட்டா. டயர் கடைக்காரன் ஒருத்தனோட. அவன் நல்லவனா கெட்டவனா எனக்குத் தெரியாது, ஏன்னா நான் விசாரிக்கவே இல்ல. என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டா, அவ்வளவுதான் எனக்கு. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ஒரு மணி வெயில். நான் இந்த மேஜையில உக்காந்து அடுத்த வாரத்துப் பாகத்தைப் படிச்சுட்டிருக்கேன். வாசல்ல வந்து நிக்கறா, இடுப்புல ஒரு குழந்தை. நான் என்ன கேட்டேன் தெரியுமா? எங்கேருந்து வர்றே, எங்கே போறே. சத்தியமா அதேதான். வாய்க்குப் பழகிப்போச்சு, வந்துடுச்சு. அவ சிரிச்சுட்டா. அப்பா வேடிக்கையா கேக்கறார்னு நினைச்சுட்டா. அவருக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்குப்பா, வர்ற வாரம் கிளம்பறோம், பாப்பாவைக் காட்டிட்டுச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்னா. சொல்லியாச்சில்ல, போகலாம்னேன்.

அவ நம்பல. அப்பான்னா. இந்த வீட்டுல அப்படி யாரும் கிடையாதுன்னேன். அதுக்குள்ள என் வீட்டுக்காரி உள்ளேருந்து டம்ளர்ல தண்ணி எடுத்துட்டு வர்றா. வெச்சுடு கீழன்னேன். அவ என்னைப் பாத்தா. நான் இன்னொரு தடவை சொன்னேன். வெச்சுட்டா. அந்தக் குழந்தை அந்த டம்ளரையே பாத்துட்டிருந்துச்சு. பேசத் தெரியாத குழந்தை, கையை மட்டும் நீட்டிச்சு. என் பொண்ணு அதோட கையை மடக்கிப் பிடிச்சுக்கிட்டுப் படி இறங்கிட்டா.

நிறுத்துன்னு சொல்ல ஆள் இல்ல அன்னிக்கு. இருந்திருந்தா நான் கேட்டிருப்பேனாங்கறது வேற விஷயம்.

அன்னிலேருந்து என் வீட்டுக்காரி எங்கூடப் பேசறதை விட்டுட்டா. சண்டை போட்டாலாவது பரவாயில்ல. சாப்பாடு ஆச்சு, வெந்நீர் ஆச்சு, எதிர்வீட்டம்மா வந்துட்டுப் போனாங்க. இவ்வளவுதான். இருபத்தியோரு வருஷம். ஆனா கேசட் மட்டும் நாள் பூரா ஓடும். மூணு பிளேயர் மாத்தியாச்சு, நாடா அறுந்து அறுந்து ஒட்டினது எத்தனை தடவைன்னு தெரியாது. என்னோட பேச மாட்டா, என் குரலோட பேசுவா. அங்க நான் பேசினா இவ அடுப்படியிலேருந்து பதில் சொல்லுவா, ஆமா ஆண்டவரே, சரி ஆண்டவரேன்னு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு நாள் கேட்டே விட்டேன். ஏண்டி, அது நான்தானே, அந்தக் குரலுக்கு ஆமா போடறவ எனக்கு ஒரு வார்த்தை போடக் கூடாதான்னு. கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னா, வாய்தான் உங்களுது, அது நீங்க இல்லைன்னு.

சர்க்கரை வியாதி. கண்ணு முதல்ல போச்சு. அப்புறம் நடை போச்சு, போன வருஷம் ஞாபகமும் தடுமாற ஆரம்பிச்சுது. எதிர்வீட்டம்மா நர்ஸ், அவங்க காலையில வந்து குளிப்பாட்டி ஊசி போட்டுட்டுப் போவாங்க. மிச்சமெல்லாம் நான்தான். ஊட்டுவேன், திருப்பிப் படுக்க வைப்பேன். யாருங்கன்னு கேப்பா. உன் புருஷன்டின்னா முகத்தைத் திருப்பிக்குவா. எல்லாம் மறந்துச்சு, அது மட்டும் மறக்கல.

ஒரு நாள் மத்தியானம் நான் குளிச்சுட்டிருக்கேன். எங்க வீட்டுக் குளியலறையும் டைல்ஸ்தான். ஸ்டூடியோவைப் பாத்து ஆசைப்பட்டு நான்தான் போட்டேன். துண்டை வெளிய விட்டுட்டேன். பழைய ஞாபகத்துல, துண்டு எங்கேன்னு உள்ளேருந்து கத்தினேன். கட்டில்லேருந்து குரல் வருது, இதோ இருக்கேன் ஆண்டவரேன்னு.

முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. ஈரத்தோட நின்னு சிரிச்சேன். அப்புறம் அவ பேச ஆரம்பிச்சா. கேசட்ல இல்லாம என்னைத் தேடி வந்தியான்னா. ஏன் இத்தனை நாள் ஆச்சுன்னா. அவ அவ்வளவு பேசி நான் கேட்டு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, தம்பி. என் பொண்டாட்டி எங்கூடப் பேசறா. நான் என்ன பண்ணுவேன்? ஏமாத்து வேலைன்னு தெரியும். ஆனா விட மனசு வரல. ஆமா, வந்தேன்னு சொன்னேன்.

அப்புறம் தினமும் மத்தியானம் அதே வேலை. நர்ஸம்மா போனதும் குளியலறைக்குள்ள போய் நின்னுக்குவேன். கதவை ஒரு சாண் திறந்து வெச்சா குரல் சரியா போகும். அவ ஊர்க்கதையெல்லாம் சொல்லுவா. என்னைப் பத்தியும் சொல்லுவா. அந்த மனுஷன் தூக்கத்துல பஸ் விடுவார் ஆண்டவரே, மூணாம் மேடை நாலாம் மேடைன்னு கத்துவார், அப்ப மட்டும் பாவமா இருக்கும்னா. கேட்டுட்டு நான் அங்க சுவத்துல சாஞ்சு நின்னேன். அவ சொல்லிச் சொல்லி ஒரு நாள் இதையும் சொன்னா. அந்தப் பிள்ளையோட நான் பேசிட்டுதான் இருந்தேன் ஆண்டவரே, அவருக்குத் தெரியாது. நான் தினமும் காலையில பேப்பர் படிக்க வாசக சாலைக்குப் போவேன் இல்லையா, அந்த நேரத்துல இந்த வீட்டுப் போன்லேருந்தே பேசியிருக்கா. கண்ணு போனப்புறம் பட்டனை விரலால எண்ணி எண்ணி அடிச்சிருக்கா. இது பாவமா ஆண்டவரேன்னு கேட்டா. இல்லைன்னேன். நம்பர் என்னன்னேன். கடகடன்னு சொன்னா! புருஷன் முகம் மறந்துபோச்சு, பதிமூணு நம்பர் மறக்கல. கண்ணாடிப் பக்கத்துல சுவத்துல பென்சிலால எழுதி வெச்சேன். இன்னும் இருக்கு.

எழுதி முடிச்சதும் கேக்கறா. நான் போறதுக்குள்ள அவளை ஒரு தடவை கூட்டிட்டு வா. அந்த மனுஷன் சம்மதிக்க மாட்டார், நான் கேட்டா நடக்காது, நீ சொன்னா கேப்பார்னு.

நான் சொன்னா நான் கேப்பேனாம்!

என்ன சொல்லியிருக்கணும்? நான்தான்டி உன் புருஷன், உள்ளே ஒளிஞ்சு நிக்கறேன், இப்பவே கூப்பிடறேன்னு வெளிய வந்திருக்கணும். வரல. வருவா, இந்த வாரம் வருவான்னு சொன்னேன். நல்ல கணீர்னு சொன்னேன். அந்தக் குரல்ல முடியாதுன்னு எனக்கு ஒரு வரிகூட வந்ததில்ல பாருங்க.

அன்னிக்கே போன் பண்ணினேன். பண்ணாம இல்ல. மணி அடிச்சுது, எடுத்துட்டா. அலோ, அம்மான்னா. அப்புறம், யாரு பேசறதுன்னா. அவ குரல் அவ அம்மா குரல் மாதிரியே ஆயிருக்கு. செடிக்குள்ளேருந்து பேசறப்ப அந்த ஆடு மேய்க்கறவன் இதே கேள்வியைத்தான் கேட்டான், யாருன்னு சொல்லட்டும்னு. இருக்கிறவராக இருக்கிறேன்னு ஒரே டேக்ல சொன்னவன் தம்பி நான். இங்க அப்பா பேசறேன்னு சொல்லணும். பஸ் புறப்படுதுன்னு சொல்லத் தெரியும், வெளிச்சம் உண்டாகட்டும்னு சொல்லத் தெரியும், அப்பா பேசறேன், கொஞ்சம் வந்துட்டுப் போம்மான்னு சொல்ற குரல் எங்கிட்ட இல்ல. வெச்சுட்டேன். மறு நாளும் பண்ணினேன், மறு நாளும் வெச்சேன். அப்புறம் பண்ணல. நாளைக்குப் பண்ணலாம்னு இருந்துட்டேன்.

அவ அந்த வாரம் பூரா நர்ஸம்மாகிட்ட சொல்லி நல்ல துணியா போட்டுக்கிட்டா. தலையை வாரி விடச் சொன்னா. கட்டில்ல முதுகுக்குத் தலையணை வெச்சு உக்காந்து வாசப் பக்கமே முகத்தை வெச்சிருந்தா. கண்ணு தெரியாதவ வாசலைப் பாக்கறா. ஏம்மா யாரு வர்றான்னு நர்ஸம்மா கேட்டா, ஆண்டவர் வாக்கு குடுத்திருக்கார்னு சொல்றா. நர்ஸம்மா என்னைப் பாக்கறாங்க, நான் காய்கறிப் பையை எடுத்துட்டு வெளிய போய்ட்டேன். ரெண்டாவது வாரம், வருவான்னியே ஆண்டவரேன்னா. பொறுத்திருன்னேன் உள்ளேருந்து. மூணாவது வாரம் நான் கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். மெதுவா சொன்னா. போதும். நீயும் அவரை மாதிரியே பேசறே.

அவ்வளவுதான். கேசட்டை நிறுத்தச் சொன்னா. நான் நிறுத்தினேன். போதகர் வந்து கையைப் பிடிச்சு ஜெபம் பண்ண ஆரம்பிச்சா, கையை இழுத்துக்கிட்டா. எல்லாத்தையும் வேதத்துல தேடினவ, தம்பி. புருஷன் பெத்த பொண்ணைத் துரத்தினப்பகூட விழாம நின்னவ. அஞ்சு நாள் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்காம, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்து அப்படியே போய்ட்டா. ஆண்டவர் பொய் சொல்லிட்டார்னு நினைச்சுக்கிட்டே போய்ட்டா. என்னை அவ வெறுத்தா, அது எனக்கு வேணும். அவரை அவ வெறுக்க வெச்சது நான். அந்த வாயை வெச்சுக்கிட்டு உங்க மைக் முன்னால நின்னு பயப்படாதேன்னு நான் யாருக்குச் சொல்றது?

என்ன தம்பி, எழுந்துட்டீங்க. உக்காருங்க. சரி, போகணும்னா போங்க, நான் பிடிச்சு வெச்சுக்க முடியுமா.

ஒரு நிமிஷம். நில்லுங்களேன்.

நான் வந்து பேசறேன். ஆமா, வர்றேன்னுதான் சொல்றேன். எத்தனை நாள் வேணும்னாலும் வர்றேன், செடி, மேகம், புயல், எது வேணும்னாலும் பேசித் தர்றேன். முடியாதுன்னு சொன்னதை விடுங்க. நீங்க எனக்கு ஒண்ணு பண்ணணும். உங்க குரல் மெதுவா, நல்லா இருக்கு. வந்ததுலேருந்து கவனிக்கறேன். ஒரு போன் பேசணும், ரெண்டு நிமிஷம்தான். இந்த வீட்டுப் போன்லயே பேசுங்க, இந்த நம்பர்னா அவ உடனே எடுப்பா. அவளும் மாசம் ரெண்டு தடவை இங்க அடிக்கறா. அம்மா எடுப்பாளான்னு பாக்கறா. நான் அலோன்னதும் வெச்சுடறா. போன செவ்வாய்க்கிழமைகூட அடிச்சா, கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டுச்சு.

சொந்தக்காரங்க யாராவது சொல்லியிருப்பாங்கன்னா கேக்கறீங்க? யாரு சொல்லுவா? அவ நம்பர் அவ அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப எனக்கு. நாலு மாசம் ஆச்சு தம்பி, அம்மா போய்ட்டான்னு அவளுக்கு இன்னும் தெரியாது. அதை மட்டும் சொல்லிடுங்க. நான் கொஞ்ச நேரம் வெளிய போய் நின்னுக்கறேன்.